பேரேட்டில் குடியிருக்கும் தெய்வங்கள்
ஒரு ஷிண்டோ கோயிலை வாசித்தல்

1

2025 ஜனவரியில் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தள்ளுபடி செய்தது. வழக்குப் போட்டவர்கள் கொரியர்கள். 1910 முதல் 1945 வரை ஜப்பான் கொரியாவை ஆண்டபோது ராணுவத்துக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்டுச் செத்தவர்களின் குடும்பத்தார். நஷ்டஈடு, மன்னிப்பு என்று உலகம் பழகிப்போன கோரிக்கைகளோடு இன்னொன்றையும் இவர்கள் பல வருடங்களாகக் கேட்டுவருகிறார்கள். டோக்கியோவில் இருக்கிற யசுகுனி கோயிலில் எங்கள் அப்பனை, தாத்தனைத் தெய்வமாக வைத்திருக்கிறீர்களே, அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள் என்பதுதான் அது. அரசாங்கம் இறந்தவர்களின் விவரங்களைக் கோயிலுக்குக் கொடுத்தது சரியா தப்பா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. கெடு முடிந்துவிட்டது, 20 வருடத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. நீதிபதிகளில் ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

செய்தியைப் படித்ததும் 2005 நவம்பரில் அந்தக் கோயிலுக்குப் போய்வந்தது ஞாபகம் வந்தது. அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் பயணக் கட்டுரையாகப் போய்விடும் என்ற பயம். 'ஜப்பானில் நான் கண்டவை' வகையறாவுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கோயிலுக்கும் எனக்கும், எனக்கு என்றால் எங்கள் குடும்பத்துக்கும், ஒரு தொடர்பு இருக்கிறது. அங்கே போகும்வரை எனக்கே அது தெரியாது. இருபது வருடமாக அதைச் சொல்லும் விதம் பிடிபடாமல் இருந்தது. பெயரை எடு என்று கேட்ட கொரியர்கள்தான் எனக்கு ஒரு வழி காட்டினார்கள்.

2

குதான்ஷிதா ரயில் நிலையத்திலிருந்து மேட்டில் ஏறினால் முதலில் தெரிவது தோரி. ஷிண்டோ கோயில்களின் வாசல் அதுதான். இரண்டு தூண், மேலே குறுக்காக இரண்டு விட்டம், கதவு கிடையாது. இந்தத் தோரி இரும்பு. 25 மீட்டர் உயரம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. இதைத் தாண்டி உள்ளே போனால் தெய்வத்தின் எல்லை என்பது ஐதீகம். அகலமான நடைபாதை, இருபுறமும் கின்கோ மரங்கள். நவம்பர் மாதம் என்பதால் மஞ்சள் இலைகள் கொட்டிக் கிடந்தன. ஒரு வயதான அம்மாள் குனிந்து தனக்குப் பிடித்த ஓர் இலையைப் பொறுக்கிக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார். பட்டுக் கிமோனோ கட்டிய ஒரு சின்னப் பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தடுக்கித் தடுக்கி நடந்தாள். சொல்லப்போனால் அழகான இடம். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிட வேண்டும். விமர்சனம் செய்யப் போகிறவனுக்கு அழகு உறைக்கவில்லை என்றால் அவன் விமர்சனமும் பாதிதான்.

கல்தொட்டியில் மூங்கில் பிடி வைத்த அகப்பையால் நீர் மொண்டு முதலில் இடது கை, பிறகு வலது கை, பிறகு வாய். சந்நிதி முன்னால் காசு போட்டு இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். முன்னால் நின்ற ஓர் அலுவலக ஆசாமி செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கைகளைத் தூக்கினேன், தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று அப்போது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

சரி, இந்தக் கோயில் எவ்வளவு பழசு? வெள்ளைக்காரச் சுற்றுலாக் கையேடுகள் ஷிண்டோ என்றாலே 'புராதன' என்று ஒரு சொல்லை முன்னால் ஒட்டிவிடும். யசுகுனி 1869இல் உண்டாக்கப்பட்டது. ஷோகன் ஆட்சியைக் கவிழ்த்துப் பேரரசரை மையத்தில் உட்கார வைத்த உள்நாட்டுப் போரில், பேரரசர் பக்கம் நின்று செத்தவர்களுக்காக. 'யசுகுனி' என்ற பெயர் 1879இல் வந்தது. அமைதியான நாடு என்று பொருள். நடைபாதை நடுவில் உயரமான பீடத்தில் நிற்கிற ஒமுரா மசுஜிரோவின் வெண்கலச் சிலை 1893. ஜப்பானின் நவீன ராணுவத்தைக் கட்டியவர்களில் ஒருவர். ஐரோப்பியப் பாணியில் அந்த நாட்டில் நிறுத்தப்பட்ட முதல் சிலை அது என்பார்கள். பொன்னிறச் செவ்வந்தி முத்திரை பதித்த பெரிய மரக்கதவு 1934. இப்போது நிற்கும் இரும்புத் தோரி 1974. நம்மூர்க் கணக்கில் சொன்னால், சென்னை உயர் நீதிமன்றம் (1862) இந்தக் கோயிலைவிட மூத்தது.

இந்த இடத்தில் 'ஆகவே இது கண்டுபிடிக்கப்பட்ட மரபு, கற்பிதம், போலி' என்று முடித்துக்கொண்டு எழுந்துபோவது நம்மிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. ஹாப்ஸ்பாமைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அந்தச் சௌகரியம் எனக்கு வேண்டாம். எந்த மரபையும் யாரோ ஒருநாள் உண்டாக்கியிருக்கிறார்கள். நூற்றைம்பது வருடமாக மனிதர்கள் வந்து அழுகிற இடத்தைப் பார்த்துப் போலி என்று சொல்ல நான் யார்? எவ்வளவு பழசு என்பதைவிட, அந்த மரபு என்ன வேலை செய்கிறது, யாருக்காகச் செய்கிறது என்பதுதான் விஷயம்.

3

யசுகுனியின் கருவறையில் உருவம் கிடையாது. ஷிண்டோவில் அது சகஜம். கண்ணாடியும் வாளும் தெய்வத்தின் இருப்பிடமாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் இந்தக் கோயிலின் உயிர்நிலை பின்னால், பொதுமக்கள் போகாத இடத்தில், நிலநடுக்கம் தாங்கும்படி 1972இல் கட்டிய ஒரு கான்கிரீட் அறையில் இருக்கிறது. அங்கே கையால் செய்த காகிதத்தில் பெயர்கள் எழுதிய பதிவேடுகள். 24 லட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு தெய்வம். அவற்றில் 21 லட்சத்துக்கும் அதிகமானவை கடைசிப் போரில் செத்தவர்களுடையவை.

எலும்பு கிடையாது, சாம்பல் கிடையாது. பெயர் மட்டும்தான். பழைய நாட்களில், புதிதாகச் செத்தவர்களின் பெயர்களை ஏட்டில் எழுதி, இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பல்லக்கு போன்ற ஒன்றில் வைத்து உள்ளே எடுத்துப் போவார்கள். அந்த இருட்டில் மனிதன் தெய்வமாகிவிடுவான். நாடெங்கிலுமிருந்து தாய்மார்களையும் மனைவிமார்களையும் வரவழைத்து உட்கார வைத்திருப்பார்கள். ஜப்பானியத் தத்துவ அறிஞர் தக்காஹாஷி தெத்சுயா 2005இல் இந்தக் கோயிலைப் பற்றி எழுதிய நூலில் கிட்டத்தட்ட இப்படி வாதிடுகிறார்: பிள்ளையைப் பறிகொடுத்தவளின் துக்கத்தைப் பெருமையாக மாற்றிக் கொடுப்பதுதான் இங்கே நடக்கும் சடங்கின் சாரம். துக்கப்படுகிறவள் கேள்வி கேட்பாள். பெருமைப்படுகிறவள் அடுத்த பிள்ளையையும் அனுப்புவாள்.

பெனடிக்ட் ஆண்டர்சன் தேசம் பற்றிய தன் புகழ்பெற்ற புத்தகத்தில் பெயர் தெரியாத போர்வீரனின் கல்லறையை முன்வைத்துத்தான் பேச்சைத் துவக்குகிறார். உள்ளே யார் என்று தெரியாததால்தான் அந்தக் கல்லறைக்குள் முழு தேசத்தையும் கற்பனை செய்துகொள்ள முடிகிறது. யசுகுனி இதன் மறுபுறம். இங்கே எல்லோருக்கும் பெயர் உண்டு, ஒருவருக்கும் உடம்பு இல்லை. அங்கே வெறுமையைக் கொண்டு தேசம் தன்னைக் கட்டிக்கொள்கிறது, இங்கே குமாஸ்தாவின் பேனாவைக் கொண்டு. 1945 வரை இந்தக் கோயிலை நடத்தியது ராணுவ அமைச்சகமும் கடற்படை அமைச்சகமும். இது மதமே அல்ல, குடிமகனின் கடமை என்பது அன்றைய அரசின் வாதம். 1945 டிசம்பரில் ஆக்கிரமிப்பு நிர்வாகம் அரசையும் ஷிண்டோவையும் பிரித்த பிறகு இது ஒரு தனியார் மத நிறுவனம். ஆனாலும் 1956 முதல் இறந்தவர்களின் விவரங்களைத் தொகுத்துக் கோயிலுக்குக் கொடுத்தது சுகாதார, நல அமைச்சகம். பென்ஷன் கோப்பிலிருந்து சொர்க்கத்துக்கு நேர்வழி.

பதிவேடு என்று வந்துவிட்டால் யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி வந்துவிடும். 1868-69 உள்நாட்டுப் போரில் ஷோகன் பக்கம் நின்று செத்த ஐசு நாட்டுக்காரர்கள் உள்ளே இல்லை. அவர்களும் ஜப்பானியர்கள்தான். புதிய அரசைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமான சைகோ தகமோரி இல்லை, 1877இல் அதே அரசை எதிர்த்துச் செத்தார் என்பதால். 1945 மார்ச் 10 ஒரே இரவில் அமெரிக்க விமானங்கள் டோக்கியோவை எரித்தபோது கருகிப்போன சுமார் ஒரு லட்சம் சாதாரண ஜனங்கள் இல்லை. டோஜோ உள்ளே இருக்கிறார். முதல்தரப் போர்க்குற்றவாளிகள் என்று விசாரிக்கப்பட்ட 14 பேரை 1978 அக்டோபரில் சத்தமில்லாமல் பதிவேட்டில் சேர்த்தார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது.

உலகப் பத்திரிகைகள் இந்தப் பதினாலு பேரோடு நின்றுவிடுகின்றன. பிரதமர் போனார், சீனா கண்டித்தது, கொரியா கண்டித்தது. பதினாலு பேரை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது என்பது என் கட்சி. சிக்கல் பதிவேட்டின் ஒரு பக்கத்தில் இல்லை. அப்படி ஒரு பதிவேடு இருப்பதில் இருக்கிறது.

4

பதிவேட்டில் சுமார் 21,000 கொரியர்களும் 28,000 தைவான்காரர்களும் இருக்கிறார்கள். 1940இல் வந்த ஆணையை ஒட்டிக் கொரியர்கள் ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ள நெருக்கப்பட்டார்கள். அந்தப் பெயர்களில்தான் பலர் தெய்வமாகியிருக்கிறார்கள். ஒருமுறை சொந்தப் பெயர் போனது, இரண்டாம் முறை உயிர் போனது, மூன்றாம் முறை சாவும் போனது. 2007இல் வழக்குப் போட்டவர்களில் ஒருவர் போரிலிருந்து உயிரோடு திரும்பி வந்தவர். அவர் பெயரும் தெய்வங்களின் பட்டியலில் இருந்தது. தான் செத்துத் தெய்வமானதைக் கேள்விப்பட்ட மனிதர். புதுமைப்பித்தன் இருந்திருந்தால் இதை ஒரு கதையாக்கியிருப்பார்.

குடும்பத்தார் கேட்டால் கோயிலின் பதில் இதுதான்: ஒருமுறை சேர்த்தால் சேர்த்ததுதான், ஆன்மாக்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன, ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. இந்த வாதத்தைக் கேட்டுச் சிரித்துவிடாதீர்கள். நேஷனலிசத்தின் மொத்தக் கருத்தியலும் இதில் அடங்கியிருக்கிறது. உன்னைக் கேட்காமல் சேர்ப்போம், நீ கேட்டாலும் பிரிக்கமாட்டோம்.

கொரியர்களுக்கு மட்டும்தான் இந்த நிலைமை என்று நினைக்க வேண்டாம். நகாயா யசுகோ என்ற ஜப்பானியப் பெண்ணின் கணவர் தற்காப்புப் படையில் இருந்தவர், 1968இல் பணியின்போது வாகன விபத்தில் இறந்தார். மனைவி கிறிஸ்தவர். அவர் வேண்டாம் என்று சொல்லியும் யாமகுச்சியில் இருக்கும் நாடு காக்கும் தெய்வங்களின் கோயிலில் கணவரைச் சேர்த்துவிட்டார்கள். வழக்குப் போட்டார். கீழே இரண்டு நீதிமன்றங்களில் ஜெயித்தார். 1988இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. மற்றவர்களின் மத நம்பிக்கையை அவர் சகித்துக்கொள்ள வேண்டும் என்பது தீர்ப்பின் போக்கு. புருஷனை இழந்தவள்தான் சகித்துக்கொள்ள வேண்டுமாம்.

5

ஷிண்டோ என்றாலே இதுதான் என்று சொன்னால் அது அநியாயம். அந்த நாட்டிலேயே வேறு மரபுகள் உண்டு. சுகவாரா நொ மிச்சிசானே என்ற அறிஞர், அரண்மனைச் சூழ்ச்சியால் நாடுகடத்தப்பட்டு 903இல் மனமுடைந்து செத்தார். பிறகு தலைநகரில் இடி விழுந்தது, அவர் பகைவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். மிச்சிசானேயின் கோபம் என்று ஜனங்கள் நடுங்கினார்கள். அவருக்குக் கோயில் எழும்பியது. இன்றைக்குப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் அவரைத்தான் கும்பிடுகிறார்கள். அநியாயமாகச் செத்தவன் கோபம் தணியாமல் அலைவான், கொன்றவர்கள்தான் அவனைத் தணிக்க வேண்டும் என்பது அந்த மரபின் உள்ளே இருக்கும் தர்மம். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மதுரைவீரனும் காத்தவராயனும் அப்படி வந்தவர்கள்தானே? கொன்றவன் சந்ததி பயந்து கும்பிடும் தெய்வங்கள்.

மங்கோலியப் படையெடுப்பை முறியடித்த பிறகு 1282இல் காமகுராவில் எங்ககுஜி என்ற பௌத்த மடாலயத்தை எழுப்பியபோது, செத்துப்போன நம் ஆள், எதிரி ஆள் இருவருக்கும் சேர்த்துத்தான் எழுப்பினார்கள். நண்பனும் பகைவனும் சாவில் சமம் என்று ஒரு கொள்கையே அங்கே உண்டு.

இந்த இரண்டு மரபையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யசுகுனி செய்த காரியம் புரிகிறது. அது கோபத்தை அகற்றிவிட்டது. எதிரியை அகற்றிவிட்டது. பலிகொடுத்தவனே பலியானவனுக்கு நன்றி சொல்கிறான். பயம் கிடையாது. செத்தவன் திரும்பி வந்து 'ஏண்டா என்னை அனுப்பினே?' என்று கேட்கிற வாசலை மூடிவிட்ட கோயில் இது. ஷிண்டோவின் ஆகப் பழைய உணர்வுக்கு எதிராக ஷிண்டோவின் உடையிலேயே நிற்கிறது.

6

இனி என் விஷயம்.

கோயில் வளாகத்துக்குள்ளேயே யூஷூகான் என்று ஒரு போர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1882இல் துவங்கியது. நுழைந்ததும் கண்ணாடிக் கூடம். ஒரு போர் விமானம். பக்கத்தில் கருப்பாக, எண்ணெய் போட்டுத் துடைத்த மாதிரிப் பளபளவென்று ஒரு நீராவி எஞ்சின். சி56-31. 1936இல் ஜப்பானில் செய்யப்பட்டு, போர்க்காலத்தில் தெற்கே கப்பலேறி, 1943 அக்டோபர் 25 அன்று ஒரு ரயில் பாதையின் திறப்பு விழாவில் ஓடிய எஞ்சின். போருக்குப் பிறகும் தாய்லாந்தில் 1977 வரை ஓடியது. அந்தப் பாதையில் பணியாற்றிய பழைய ராணுவத்தினர் அதை வாங்கி 1979இல் இங்கே காணிக்கையாகக் கொடுத்தார்கள்.

எந்தப் பாதை என்று மலேசியத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சயாம் மரண ரயில். பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேல். செத்தவர்கள் 12,000க்கு மேல். இவர்களுக்குக் கணக்கு உண்டு, பெயர் உண்டு, காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை உண்டு. வெள்ளைக்காரன் எடுத்த சினிமாவும் உண்டு. ஆசியத் தொழிலாளிகள் இவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கு மேல், அவர்களில் பெரும்பான்மை தோட்டத்துத் தமிழர்கள். எத்தனை பேர் செத்தார்கள்? மதிப்பீடு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது, எல்லாமே பல்லாயிரத்தில். எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்திருந்த பலகை இந்தச் சாவுகளைப் பேசுவதில்லை என்று போய்வந்த பலரும் எழுதியிருக்கிறார்கள். எஞ்சினின் பிறந்த தேதி இருக்கிறது, அது ஓடிய ஊர்கள் இருக்கின்றன.

என் தாத்தாவின் அண்ணன் மலாயாவுக்குப் பால் வெட்டப் போனவர். கல்யாணமாகி ஒரு வருடத்தில் போனார். மணியார்டர் வந்துகொண்டிருந்தது. 1942இல் சிங்கப்பூர் விழுந்ததும் நின்றுபோனது. போர் முடிந்து கப்பல் விட்டபிறகு திரும்பி வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "அவரைச் சயாமுக்குப் பேரு எழுதிட்டாங்க." அவ்வளவுதான் தெரியும். தினம் ஒரு வெள்ளி சம்பளம், மூணு மாசத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி எழுதினார்களாம். வராதவர்களைப் பிறகு லாரியில் ஏற்றினார்களாம்.

அந்தத் தோட்டத்தில் செக்ரோல் என்று ஒரு பேரேடு உண்டு. காலையில் பெரட்டுக்கு வந்தால் கிராணி அதில் பெயரைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். பெயர் விழுந்தால் கூலி. வெள்ளைக்காரத் துரை போட்ட பேரேடு அது. ஜப்பான்காரன் வந்து அதைப் பார்த்துத்தான் ஆள் கேட்டிருப்பான் என்று நினைக்கிறேன். சயாமுக்குப் போனபின் பேரேடே இல்லை. காலரா வந்தது, குழி வெட்டினார்கள்.

அவர் சம்சாரத்தை நாங்கள் பெரியாத்தா என்று கூப்பிடுவோம். சாகிறவரை தாலியைக் கழற்றவில்லை. "சயாமுக்குப் போனாருன்னுதான் சொன்னாங்க. செத்தாருன்னு யாரு சொன்னா?" என்று கேட்பாள். யாரும் பதில் சொன்னதில்லை. திதி தெரியாது. ஆடி அமாவாசைக்குப் படையல் போடும்போது மற்ற செத்தவர்களுக்கெல்லாம் இலை போட்டு, அவருக்கு மட்டும் இலை போடாமல் ஒரு வேட்டியை மடித்துத் தனியாக வைப்பாள். வந்தால் கட்டிக்கட்டும் என்று.

அந்த எஞ்சின் முன்னால் நின்றபோது எனக்கு அந்த வேட்டிதான் ஞாபகம் வந்தது. வெளியே வந்தேன். முற்றத்தில் போரில் செத்த குதிரைகளுக்கு ஒரு சிலை, ராணுவ நாய்களுக்கு ஒரு சிலை, தூதுப் புறாக்களுக்கு ஒரு சிலை. குதிரைக்கும் நாய்க்கும் சிலை வைத்தது தப்பே இல்லை. வைக்கட்டும்.

7

அதே வளாகத்தில் ஒரு இந்தியரின் படம் பதித்த நினைவுக்கல் நிற்கிறது. நான் போவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், 2005இல்தான் வைத்தார்கள். ராதாபினோத் பால். டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் (1946-48) உட்கார்ந்த வங்காளி நீதிபதி. எல்லோரையும் விடுவிக்க வேண்டும் என்று தனித்தீர்ப்பு எழுதியவர். ஜெயித்தவன் தோற்றவனை விசாரிப்பது நீதியல்ல, காலனி ஆண்டவர்களுக்கு ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேச யோக்யதை இல்லை என்ற அவரது வாதத்தில் பலம் உண்டு. காலனியச் சட்டத்தின் முகமூடியை உரித்த எழுத்துதான் அது. ஆனால் ஜப்பானியப் படைகள் கொடுமைகள் செய்தன என்பதற்குச் சாட்சியம் ஏராளம் என்பதை அவரே மறுக்கவில்லை. கல் வைத்தவர்களுக்கு அந்தப் பகுதி தேவைப்படவில்லை.

இந்தக் கோயிலுக்கு இந்தியா தேவைப்படுகிறது, நீதிபதியாக. கூலியாகத் தேவைப்படவில்லை. இதைச் சொல்லிவிட்டுக் கோயிலைக் குறைசொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நம் பக்கம் என்ன நிலைமை?

ரயில் பாதையின் இரண்டு முனைகள் இணைந்தது 1943 அக்டோபர் 17. திறப்பு விழா 25. நடுவே 21ஆம் தேதி சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசைப் பிரகடனம் செய்தார். ஒரே வாரம். இரண்டிலும் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள் இருந்தார்கள். சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று பயந்து ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்களும் உண்டு. சேர்ந்தவர்களுக்குப் பின்னாளில் இந்திய அரசின் தியாகி பென்ஷன் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை, கிடைக்கட்டும். ஆனால் அண்ணன் தம்பி இரண்டு பேரில் ஒருவன் தேசத்தின் பதிவேட்டில் வருகிறான், இன்னொருவன் காலராவில் போகிறான் என்றால், அந்தக் கோடு எங்கே கிழிக்கப்பட்டது? அவனவன் வீரத்தில் இல்லை. எந்த லாரி முதலில் வந்தது என்பதில். பாடப்புத்தகத்தில் போஸ் உண்டு, தண்டவாளம் கிடையாது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என்று மலேசியத் தமிழில் நாவல்கள் வந்தன. இங்கே எத்தனை பேர் படித்தோம்? நமக்கும் ஒரு யசுகுனி இருக்கிறது. கட்டடம் மட்டும்தான் இல்லை.

8

கோயிலின் ஒரு ஓரத்தில், மரங்களுக்குள், சின்னதாக ஒரு மரச் சந்நிதி உண்டு. சின்ரேய்ஷா என்று பெயர். 1965இல் வைத்தது. யசுகுனியில் சேர்க்கப்படாத, எல்லா நாட்டுப் போர்ச்சாவுகளுக்குமான இடம். பதிவேடு இல்லை, பெயர் இல்லை. நான் போனபோது அதைச் சுற்றி இரும்பு வேலி, பொதுஜனம் கிட்டே போக முடியாது. அடுத்த வருடம், 2006இல்தான், வேலிக்குள் போக விட்டார்கள். கணக்குப்படி பார்த்தால் எங்கள் பெரிய தாத்தாவுக்கு அந்தக் கோயிலில் ஒரு இடம் இருக்கிறது என்றால் அது இதுதான். அத்தனை அழகுக்குப் பின்னால் 'மற்றும் பலர்'.

அப்படியானால் நான் என்ன கேட்க வேண்டும்? அவர் பெயரையும் உள்ளே எழுது என்றா? கொரியர்கள் இருபது முப்பது வருடம் கோர்ட்டுக்கு நடந்து பெயரை எடு என்கிறார்கள். எடுக்கச் சொல்ல எங்களிடம் பெயரே பதிவாகவில்லை. முதலில் இது எனக்குப் பெரிய முரண்பாடாகத் தோன்றியது. யோசிக்க யோசிக்க இரண்டும் ஒரே கோரிக்கை என்று படுகிறது. செத்தவனை அவன் ஆட்களிடம் திருப்பிக் கொடு. அவன் எதற்காகச் செத்தான் என்பதை நீ சொல்லாதே.

இங்கே நமக்கு ஒரு எச்சரிக்கை வேண்டும். 2023இல் காஞ்சனபுரியில் ஒரு பௌத்தக் கோயில் வளாகத்தில், ரயில் பாதையில் செத்த தமிழர்களுக்காக நடுகல் நட்டார்கள். எண்பது வருடம் கழித்து. நட்டவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் நடுகல் என்பது ஆநிரை மீட்டு விழுந்த வீரனுக்கு நட்டது. இவர்கள் எதையும் மீட்கப் போகவில்லை. வயிற்றுப்போக்கிலும் பட்டினியிலும் செத்தார்கள். பலர் மண் வெட்டியை எறிந்துவிட்டுத் தப்பி ஓடப் பார்த்தார்கள், அதுதான் அவர்கள் காட்டிய புத்திசாலித்தனம். அவர்களை மறவர், மாவீரர், தியாகி என்று எழுதத் துவங்கினால், இனப்பெருமைக்கு ஒரு பத்தி கிடைக்கும், யசுகுனி தன் சிப்பாய்களுக்குச் செய்ததை நாம் நம் கூலிகளுக்குச் செய்திருப்போம். அங்கேயும் காட்டில் பட்டினியில் செத்த சிப்பாய்களைத்தான் 'நாட்டுக்காக விழுந்தவர்' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கல் இருக்கட்டும். கல்லில் கூலி என்ற சொல்லும் இருக்கட்டும். அவர்களைப் பிடித்தவன் பெயரும், அதற்கு முன்னால் அவர்களைக் கப்பலேற்றிய வெள்ளைக்காரத் துரை, நம்மூர்க் கங்காணி பெயரும் இருக்கட்டும்.

சந்நிதி முன்னால் கையைத் தூக்கிவிட்டு ஏன் தட்டவில்லை என்று இப்போது சொல்ல முடியும். ஷிண்டோவில் தெய்வத்தை விழிக்க வைக்கத்தான் கைதட்டுகிறார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. அந்த ஏட்டில் இருக்கும் 24 லட்சம் பேரில் பெரும்பாலோர் விவசாயி வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுந்து வந்தால் என்னோடு உட்கார்ந்து பேசுவார்கள் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் அவர்களை எழுப்ப வேண்டியவன் நான் இல்லை. அவர்களை அனுப்பியவன்.

பெரியாத்தா 1983இல் செத்துப்போனாள். தாலியோடுதான் எடுத்தோம். அந்த வருட ஆடி அமாவாசைக்கு அம்மா இலை போட்டாள், பெரியாத்தாவுக்கு ஒன்று. தயங்கிவிட்டுப் பக்கத்தில் இன்னொரு இலையும் போட்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. எந்தப் பேரேட்டிலும் அது ஏறவில்லை.